பேச்சி எழுதிய இட்லிகள்

தேத்தாங்குளம் பஸ் ஸ்டாண்டில், சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கட்டணக் கழிப்பறைக்கும் நடுவே கிடைத்த எட்டடி இடத்தில் இருபது வருஷமாக இட்லிக்கடை நடத்திவரும் பூரணத்தக்கா, ஐப்பசி மாசத்து நசநசவென்ற ஒரு காலையில், முதல் ஈட்டை இறக்கி, தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து உரித்தபோது, இட்லியில் எழுத்து இருந்தது.

நல்ல எழுத்து. வெந்தய நிறத்தில், பொடிப்பொடியாக, இட்லிக்கு நாலு வரி வீதம், துணி பட்ட பக்கத்தில் மட்டும் பதிந்திருந்தது. பூரணத்தக்கா விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. முந்தானையால் ஒற்றிப் பார்த்தாள், போகவில்லை. முகர்ந்து பார்த்தாள், இட்லி வாசம்தான் அடித்தது. மதுரை வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, தூத்துக்குடி வண்டி உள்ளே திரும்புகிறது, இந்த நேரத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண அவளென்ன வேலைவெட்டி இல்லாதவளா? நாலு இட்லியை எடுத்து இலையில் வைத்து, முதல் ஆளாக வந்து நின்ற தவிட்டு வியாபாரி செல்லையாவிடம் நீட்டிவிட்டாள்.

செல்லையா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கல்யாண மண்டபத்து வாசலில் ஒற்றைச் செருப்பு ஒன்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறது, ஜோடி இல்லாமல் வீட்டுக்குப் போனால் மற்ற செருப்புகள் என்ன பேசுமோ என்று அதற்குப் பயம், மழை வேறு வருகிறது என்று போயிற்று கதை. ஒன்றை வாசித்தார், தின்றார். அடுத்ததை வாசித்தார், தின்றார். நாலும் முடிந்ததும் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

“மீதி எங்க?”

“இன்னும் ரெண்டு வைக்கவா?”

“வையி. அந்தச் செருப்பு வீடு போய்ச் சேந்துச்சா இல்லையான்னு தெரியணும்ல.”

அவ்வளவுதான் நடந்தது. நீங்களும் நானுமாக இருந்தால் கூட்டம் கூட்டி, கற்பூரம் ஏற்றி, கலெக்டருக்கு மனு போட்டு, ஊரை இரண்டாக்கியிருப்போம். தேத்தாங்குளத்துக்காரர்கள் கூடக் கொஞ்சம் சட்னி கேட்டார்கள்.

அதே நேரத்தில் மேலத்தெருவில், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அழகுத்தாய், தன் வீட்டு இட்லியைத் துணியிலிருந்து உரித்துப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்: “ஏ பேச்சி! நேத்து மாவுல என்னத்தடி கொட்டுன?”

மகள் பேச்சியம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் காலை ஐந்து மணிக்கு அவள் தன் செல்போனில் தட்டி, ஃபேஸ்புக்கில் ‘பேச்சி எழுதுகிறாள்’ என்ற தன் பக்கத்தில் போட்ட கதை, ஒரு புள்ளி, ஒரு கால் குறையாமல், ஆவி பறக்க அவள் முன்னால் கிடந்தது.

பேச்சியம்மாளின் சங்கதியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவள். ஆனால் அவளுக்கு வேண்டியது எழுதிச் சம்பாதிக்கிற ஒரு வேலை. அதை முதன்முதலில் சொன்னபோது அழகுத்தாய், “எழுதுறதுக்கா சம்பளம்? யாரு குடுப்பா?” என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பேச்சிக்கும் பதில் தெரியவில்லை. திருப்பூரில் இருக்கும் அண்ணன் சுந்தரபாண்டி, தான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியிலேயே தங்கச்சிக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தான். பெட்டியில் போகிற பனியனை எண்ணிக் குறித்துவைக்கிற வேலை. அண்ணன் கெட்டவன் இல்லை, நல்லவன்தான், அதனால்தான் அவனை எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை. “நூறு நாள் குடுண்ணே. அதுக்குள்ள எழுத்து வேலை கிடைக்கலைன்னா நூத்தியொண்ணாம் நாள் நானே திருப்பூர் பஸ் ஏறிருவேன்” என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

நூறு நாள் கணக்கு அவளாகப் பிடித்ததில்லை. வலைத்தளத்தில் வீடியோ போடுகிற ஒரு அம்மா, புதிதாக எழுத வருகிறவர்களுக்கென்று கண்ணை உருட்டி உருட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. தினம் ஒரு பதிவு போடுங்கள், ஒரு நாளும் விடாதீர்கள், எந்தக் கம்பெனியில் வேலை வேண்டுமோ அந்தக் கம்பெனியை ஒவ்வொரு பதிவிலும் டேக் பண்ணுங்கள், நூறு நாளில் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள். பேச்சி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சென்னையில், செல்போன் வழியாகத் தினம் ஒரு கதை சொல்கிற கம்பெனி ஒன்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நாள் போட்டாள். அவளைப் பின்தொடர்ந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் அண்ணன் ஒருவன், கூடப் படித்தவர்கள் ஒன்பது பேர், எதைப் போட்டாலும் ‘குட் மார்னிங்’ என்று ரோஜாப்பூ அனுப்புகிற வெளிநாட்டு ஆசாமிகள் ஐந்து பேர், ஒரு டயர் கடை, மற்றவர்கள் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும். நாற்பத்தோராம் நாள்தான் இட்லியில் எழுத்து விழுந்தது.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

துணி போட்ட இட்லியில் மட்டும்தான் எழுத்து வரும், எண்ணெய் தடவிய தட்டில் வராது என்பது மூன்றே நாளில் தெரிந்துபோனது. நாலாம் நாள் ஜவுளிக்கடையில் மல் துணி தீர்ந்துபோய், ஆம்பளைகள் வேட்டிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டும்படி ஆனது. மேல் தட்டில் ஆரம்பம், அடித் தட்டில் முடிவு என்பது அடுத்துத் தெரிந்தது. தட்டை மாற்றி அடுக்கிய வீடுகளில் கடைசியில் நடப்பது முதலிலேயே தெரிந்துபோய்ச் சண்டை வந்தது. அவசரப்பட்டு உரித்தால் எழுத்து துணியோடு போய்விடும் என்பதால், எதிலும் பொறுமை இல்லாத மருமகள்கள்கூட ஆற அமரத் தண்ணீர் தெளித்து உரிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு கதைக்கு எட்டு இட்லி ஆகும், ஒரு ஆள் எட்டுத் தின்ன முடியாது. ஆகவே, ஆளுக்கொரு நேரத்தில் தின்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்த குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்து, “உன்னுதுல என்ன போட்டிருக்கு, சத்தமா படி” என்று சாப்பிட ஆரம்பித்தன. பூரணத்தக்கா கடையில் சாம்பார் வாளியைத் தூக்குவதற்கு முன்னால் “படிச்சாச்சா, ஊத்தவா?” என்று கேட்கிற வழக்கம் வந்தது, கேட்காமல் ஊற்றிவிட்டால் ஜென்மத்துக்கும் பகை. போட்டோ எடுத்துப் பார்த்தார்கள். போட்டோவில் வெறும் வெள்ளை இட்லிதான் விழுந்தது. சரி, அதற்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று போனை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் படித்தார்கள்.

மண்டபத்துச் செருப்பின் ஜோடியை யாரோ ஒரு பிரகஸ்பதி மறுநாள் விடிவதற்குள் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அது யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் நாலு பேர் மேல் சந்தேகம் இருக்கிறது.

எழுதுவது யார் என்பது மட்டும் முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அழகுத்தாய் சத்துணவுக் கூடத்தில் சொன்னாள். அதற்கப்புறம் தனியாகத் தண்டோரா வேண்டுமா? பேச்சி தெருவில் போனால் காய்கறிக்காரர், பூக்காரி, ரேஷன் கடை எடையாளர், எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “மீதி எங்க?” கதை நன்றாயிருக்கிறது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. நன்றாயிருக்கிறது, அழகாயிருக்கிறது, கொழுகொழுவென்று இருக்கிறது என்றெல்லாம் அந்த ஊரில் எதையும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். சொன்னால் கண்ணு பட்டுவிடும். பிறந்த பிள்ளையைப் பார்த்தே “என்ன இது, காஞ்ச கத்தரிக்கா மாதிரி கிடக்கு” என்று கொஞ்சுகிற ஊர் அது. ஆகவே, “மீதி எங்க?” என்பதுதான் அவர்களால் முடிந்த அதிகபட்சப் பாராட்டு. பேச்சிக்கு அது விளங்கியது, ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் நெஞ்சு நிறைந்தது.

அம்மா மட்டும் கேட்கவில்லை. அழகுத்தாய் காலையில் உரிப்பாள், உதடு அசையப் படிப்பாள், சாம்பாரை ஊற்றிக்கொண்டு தின்பாள், சத்துணவுக் கூடத்துக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவாள். ஊரே கேட்கிறதை வீட்டில் கேட்கவில்லையே என்று பேச்சிக்குக் குறைதான். அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய குறை போனில் இருந்தது. ஊர் முழுக்கப் படிக்கிறது. போனில் அதே இருபத்து மூன்று பேர். எழுபதாம் நாள், எண்பதாம் நாள், எண்பத்தைந்தாம் நாள், இருபத்து மூன்று. விருப்பக்குறி போட்டவர்களில் டயர் கடைதான் தவறாமல் வந்தது. கடைசியில் பேச்சி பூரணத்தக்காவிடம் போய் நின்றாள்.

“அக்கா, எல்லாரும் படிக்கீங்கள்ல. போன்ல என் பக்கத்துல போயி அந்தக் கட்டைவிரலை ஒரு அமுக்கு அமுக்கக் கூடாதா? அந்த எண்ணிக்கையைப் பாத்துத்தான் கம்பெனிக்காரங்க கூப்புடுவாங்க.”

பூரணத்தக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாத்தே! நல்லாருக்குன்னு அத்தனை பேரும் உன் பேருக்கு நேரா குத்துறதா? கூறு இருக்கா உனக்கு? வயசுப் புள்ள, கண்ணு பட்டு என்னமாவது ஆயிப்போச்சுன்னா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்லுறது? நான்தான் ஒருத்தரும் அமுக்கக் கூடாதுன்னு பஸ் ஸ்டாண்டு பூராவும் சொல்லி வச்சிருக்கேன்.”

“நீங்களா சொன்னீங்க?”

“பின்ன? நேத்துக்கூட மினிபஸ் டிரைவர் பய அமுக்கப் போனான், போனைப் பிடுங்கி வச்சுட்டேன். வா இங்க” என்று அவளைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்து, உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்தது. நெடி துளிக்கூட வரவில்லை. “பாத்தியா, எம்புட்டுக் கண்ணு! கமறவே இல்லை பாரு” என்றாள். பேச்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

தொண்ணூற்று நாலாம் நாள் சென்னைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. உங்கள் எழுத்தில் ஆர்வம் தெரிகிறது, ஆனால் குறைந்தது பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறவர்களைத்தான் நாங்கள் எடுப்பது, தங்களுக்கு எத்தனை பேர்? கீழே ஒரு நம்பரும் இருந்தது. பேச்சி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த நம்பருக்குப் போன் போட்டாள். எடுத்தது ஆளெடுக்கிற பொறுப்பில் இருந்த லாவண்யா மேடம்.

“போன்ல இருபத்து மூணு பேருதாங்க மேடம். ஆனா எங்க ஊரே படிக்குது. இட்லியில.”

மேடம் கலகலவென்று சிரித்தார். “இட்லில பிரிண்ட் பண்றீங்களா? சாப்பிடற இங்க்கா? பிரமாதமான ஐடியாவா இருக்கே! யார் செஞ்சு குடுக்கறாங்க?”

“யாரும் இல்லைங்க மேடம். அதுவா வருது.”

“சரி சரி, தொழில் ரகசியம். சொல்லவேண்டாம். வெள்ளிக்கிழமை தூத்துக்குடியிலேர்ந்து மதுரைக்கு அந்த வழியாத்தான் கார்ல வரேன். டிபன் உங்க ஊர்ல. கண்ணால பார்க்கிறேன், பிடிச்சிருந்தா அங்கேயே முடிவு பண்ணிடலாம்.”

வெள்ளிக்கிழமை என்பது தொண்ணூற்றெட்டாம் நாள். அன்றைக்கு என்ன எழுதுவது என்று பேச்சி மூன்று நாள் யோசித்தாள், கடைசியில் தினம் தான் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறதையே எழுதினாள். ஒரு பெண் தினமும் மினிபஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு ஒரு சீட்டைப் பிடிக்கிறாள், பிடித்துவிட்டு அதில் உட்காராமல் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே போகிறாள், யார் கேட்டாலும் “ஆள் வருது” என்கிறாள், வருஷக்கணக்காகியும் அந்த ஆள் வரவில்லை. ஐந்து மணிக்குப் பதிவைப் போட்டுவிட்டு, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

இந்த இடத்தில்தான் தேத்தாங்குளம் தன் புத்தியைக் காட்டியது.

மெட்ராஸிலிருந்து பெரிய இடத்து அம்மா வருகிறார்கள், நம்ம பிள்ளையைப் பார்த்து வேலை கொடுக்க வருகிறார்கள் என்று ஊர் மூன்று நாளாக ஆலோசனை செய்தது. கட்டணக் கழிப்பறைக்கு வெள்ளையடித்தார்கள். கடைக்கு முன்னால் வாழைமரம் கட்டலாமா என்றுகூடப் பேச்சு வந்து, அது கொஞ்சம் அதிகம் என்று விட்டார்கள். பூரணத்தக்காவுக்கு ஒரே கவலை. எத்தனையோ தடவை துவைத்துப் பழுப்பேறிய துணியில் வெந்த இட்லியை அவ்வளவு பெரிய மனுஷிக்கு எப்படி வைப்பது? பார்த்தால் முகம் சுளிக்கமாட்டார்களா? பிள்ளைக்கல்லவா கேவலம்? அதனால் அவள் யாரிடமும் சொல்லாமல் அருப்புக்கோட்டைக்கு ஆள் அனுப்பி, கண்ணாடி மாதிரி மின்னுகிற எவர்சில்வர் இட்லித் தட்டு புதிதாக வாங்கி வைத்திருந்தாள். மேடத்துக்கென்று தனி அடுப்பில், தட்டில் நெய் தடவி, இட்லி ஊற்றினாள்.

லாவண்யா மேடம் வந்து உட்கார்ந்தார். எதிரே தலைவாழை இலை. பூரி, பொங்கல், கேசரி, நாலு வகைச் சட்னி, நடுவில் மல்லிகைப்பூ மாதிரி நாலு இட்லி. பேச்சி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். மேடம் ஒரு இட்லியைத் திருப்பினார். நெய் மினுமினுத்தது. அடுத்ததைத் திருப்பினார். நாலையும் திருப்பினார். ஒரு எழுத்து இல்லை.

பேச்சிக்கு விஷயம் அந்த நொடியே புரிந்துவிட்டது. “அக்கா... துணி போடலையா?”

“இவுகளுக்குப் போயி அந்தத் துணியிலயா?” என்று பூரணத்தக்கா காதோடு சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் உறைத்துவிட்டது. கரண்டி கையிலிருந்து நழுவியது. “அய்யய்யோ, கெடுத்தேனே! இருங்கம்மா, இப்பவே துணி போட்டு ஒரு ஈடு...”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பன்னெண்டு நிமிசந்தாம்மா.”

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதுரையில் பத்தரைக்குக் கூட்டம். அவர் கோபப்படவில்லை, சிரித்த முகமாகவே எழுந்து கை கழுவினார். “நல்ல கற்பனை, பேச்சியம்மாள். இதையே கதையா எழுதுங்க. எண்ணிக்கை ஏறினதும் சொல்லுங்க, பார்க்கலாம்” என்றார். பேச்சி தலையை ஆட்டினாள். பின்பக்கத்துப் பெஞ்சில் எல்லோர் இலையிலும் எழுத்து கிடப்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்கும் தோன்றவில்லை, பூரணத்தக்காவுக்கும் தோன்றவில்லை. ஊரே நின்று வேடிக்கை பார்க்க, இட்லியைக் காட்டி ஏமாற்ற வந்தவளாக ஆகிவிட்டோமே என்று அவமானம் பிடுங்கித் தின்றது. திருப்பூரில் எண்ண வேண்டிய பனியன்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கண் முன்னால் விழுந்துகொண்டே இருந்தன.

மேடம் காருக்குப் போனார். காரில் டிரைவர் இல்லை.

டிரைவர் அந்தோணி எங்கே போனான்? அவனுக்குத் தலைவாழை இலையா போடுவார்கள்? அவன் வழக்கமான வாடிக்கைக்காரர்களோடு பின்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பழுப்பேறிய துணியில் வெந்த இட்லியை வாங்கியிருந்தான். மேடம் தேடிக்கொண்டு வந்தபோது, அவன் காலி இலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் இலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தோணி, கிளம்பலாம்.”

“மேடம், ஒரு அஞ்சு நிமிஷம். சீட்டு போட்டு வச்சிருக்கு அந்தப் பொண்ணு. யாருக்குன்னு தெரியாம என்னால கிளட்சை மிதிக்க முடியாது மேடம்.”

“என்ன உளர்றே?”

அப்போதுதான் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மதுரை வண்டியும் தூத்துக்குடி வண்டியும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. கண்டக்டர் ஒருவர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, படியில் நின்று, கையில் ஒரு இட்லியை ஏந்தி, உள்ளே இருக்கிற ஐம்பது பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். தவிட்டு வியாபாரி செல்லையா, இலையில் கிடந்த இட்லியைத் தொடாமல், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சாம்பார் வாளி தரையில் இருந்தது. யாரும் ஊற்றச் சொல்லவில்லை.

மேடம் செல்லையாவின் இலையைக் குனிந்து பார்த்தார். அவர் பெரிய மனுஷன், சட்டென்று நகர்ந்து இடம் விட்டு, கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். மேடத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. வெந்தய நிறத்து எழுத்தை நின்றபடியே படித்தார், அப்புறம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதைப் புரட்டி அடிப்பக்கமும் பார்த்தார். பிறகு, தான் யார், எதற்கு வந்தோம், மதுரையில் யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோன குரலில் கேட்டார்:

“மீதி எங்க?”

பூரணத்தக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஈடு தீர்ந்திருந்தது. கடைசித் தட்டு இட்லியைத் தூத்துக்குடி வண்டியில் ஒரு கைக்குழந்தைக்காரி வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டிருந்தாள். அந்தக் குழந்தைக்குத்தான் முடிவு தெரியும். அடுத்த ஈடு வேக இன்னும் பத்து நிமிஷம் ஆகும். எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள்.

பேச்சி எழுதுகிறவள்; நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசி அறியாதவள். ஆனால் இருநூறு பேர் ஒரு கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது, சொல்லாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. “ஒரு நாள் அந்தப் பொண்ணு பஸ்ஸுல ஏறுனா” என்று தொடங்கினாள். “கைக்குட்டையை எடுத்தா, நாலா மடிச்சு இடுப்புல சொருகுனா, அந்தச் சீட்டுல உக்காந்தா. கண்டக்டரு, ‘என்னம்மா, ஆள் வருதுன்னு சொன்னீங்களே?’ன்னு கேட்டாரு. அவ ஜன்னலைத் திறந்துவிட்டுக்கிட்டே, ‘வந்தாச்சு’ன்னு சொன்னா.”

அந்தோணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, “போலாம் மேடம்” என்றான்.

மேடம் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெயர் எழுதினார், படிப்பு கேட்டு எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. “எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு ஒரு கட்டம் இருக்கே.”

“எங்கடையில மட்டும் ஒரு நாளைக்கு அறுநூறு இட்லி. வீடுகள்ல அவிக்கிறது தனி” என்றாள் பூரணத்தக்கா.

மேடம் ‘அறுநூறு இட்லி’ என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து சேரும்படி சொன்னார். கிளம்புவதற்கு முன்னால், யாரும் தடுப்பதற்குள், அந்தோணி போனை எடுத்து அந்தக் கட்டைவிரலை அமுக்கிவிட்டான். அவன் வெளியூர்க்காரன், அவன் கண்ணு ஒன்றும் செய்யாது என்று பூரணத்தக்கா விட்டுவிட்டாள். பேச்சியின் பக்கத்தில் எண்ணிக்கை இருபத்து நாலு ஆனது.

அண்ணன் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “மெட்ராஸ்ல தங்குறதுக்கு இடம் பாத்தாச்சா?” பனியன் கம்பெனியில் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். நூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பேச்சி கடைசிப் பதிவாக ஊருக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதினாள். ஒரே இட்லியில் முடிந்துவிட்டதால் ஊர் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

நூற்றியோராம் நாள் விடியற்காலை, மூட்டை கட்டுகிற அவசரத்தில் அவள் எழுதவில்லை. நூறு நாள்தான் முடிந்துவிட்டதே. தேத்தாங்குளத்து இட்லியெல்லாம் அன்று வெள்ளையாக வெந்து இறங்கின. ஒருத்தரும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை.

மதுரை போய்ப் பகல் ரயிலைப் பிடித்து, சாயங்காலத்துக்குள் ஆபீசில் ஒரு எட்டு முகத்தைக் காட்டிவிட வேண்டும். ஆறு மணி மதுரை வண்டி உள்ளே வந்து திரும்புவதற்குள்ளேயே, ஆள் இறங்குவதற்கு முன்னாலேயே, பூரணத்தக்கா ஓடிப்போய் ஜன்னல் வழியாக எதையோ வீசினாள். பேச்சி ஏறிப் பார்த்தால், முன்வரிசை ஜன்னலோர சீட்டில், ஈரமும் சூடுமாக, இட்லித் துணி கிடந்தது. அதைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள், ஒருத்தரும் உட்காரவில்லை. கீழேயிருந்து பூரணத்தக்கா, “ஆள் வருது, ஆள் வருது” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

பேச்சி துணியை எடுத்து நாலாக மடித்தாள். உட்கார்ந்தாள். கண்டக்டர், அன்றைக்கு இட்லியை ஏந்தி வாசித்த அதே ஆள், டிக்கெட் கிழிக்க வந்து, “என்ன தாயி, ஆள் வந்தாச்சா?” என்று கேட்டார்.

“வந்தாச்சுண்ணே.”

சீட்டு நனைந்திருந்ததால் பின்பக்கம் சேலை பூராவும் ஈரம். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

அம்மா ஜன்னலுக்குக் கீழே வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். “பூரணம் கடையிலதான் நான் நின்னு கட்டுனது. துணியை உரிச்சு அப்படியே கவுத்து வச்சிருக்கேன். ஆறுறதுக்குள்ள தின்னுரு.” வண்டி கிளம்பியதும் சத்துணவுக் கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போனாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.

கண்மாய்க்கரை தாண்டியதும் பேச்சி பொட்டலத்தைப் பிரித்தாள். நாலு இட்லி, ஓரத்தில் எண்ணெய் விட்ட பொடி. முதல் இட்லியைத் திருப்பினாள்.

எழுத்து இருந்தது. அவள் எழுதியதில்லை, அவள் எழுத்தும் இல்லை. கணக்குச் சிட்டையில் எழுதுகிற மாதிரி சாய்ந்த கையெழுத்தில், தவிட்டு வியாபாரி செல்லையாவின் கையெழுத்தில், இரண்டே வார்த்தை: ‘மீதி எங்க?’ இரண்டாவதைத் திருப்பினாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன பூரணத்தக்காவின் குண்டு குண்டு எழுத்தில், ‘மீதி எங்க?’ மூன்றாவதில் இடமே இல்லாமல், நெருக்கியடித்துக்கொண்டு, பூக்காரி, எடையாளர், கண்டக்டர், மினிபஸ் டிரைவர் என்று ஒரு ஊர்க் கூட்டமே அதே இரண்டு வார்த்தையை எழுதியிருந்தது.

நாலாவதைத் திருப்பினாள். சத்துணவுக் கூடத்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிய, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி வைத்த எழுத்து. பேச்சிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்த எழுத்து.

‘மீதி எங்க? தின்னுட்டு எழுது.’

பேச்சி அழுதுகொண்டே நாலையும் தின்றாள். பிறகு பூரணத்தக்காவின் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.